ஈரத்துப் பொருக்கு

2015-ஆம் ஆண்டு ஆனி மாதம் சங்கரன்கோவிலுக்கு வேலைக்கு வந்தேன். காது மூக்கு தொண்டைப் படிப்பு முடித்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அப்போது இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசி மாவட்டம் உண்டானது 2019 நவம்பரில்தான். பத்துக் கட்டில் உள்ள மருத்துவமனை, மாடியில் ஓர் ஆபரேஷன் தியேட்டர். பின்தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். தறிச் சத்தம் சட்டென்று நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். யாராவது ஒருவர் ஜெனரேட்டரை நோக்கி ஓடுவோம். மருத்துவமனையை நடத்தியவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. ஊர் அவரை டாக்டரம்மா என்றது. நான் மேடம் என்றேன். அவர் என்னைத் தம்பி என்றார். கோபம் வந்தால் மட்டும் ‘டாக்டர்’ என்பார், ‘நீங்க’ என்பார். முதல் இரண்டு வருடம் அந்த ‘டாக்டர்’ என் காதில் விழாத வாரம் இல்லை.

புதன்கிழமைதான் ஆபரேஷன் நாள். மயக்க மருத்துவர் பாளையங்கோட்டையிலிருந்து வருவார். பெரும்பாலும் டான்சில். கேட்டவர்களுக்கெல்லாம் மேடம் செய்துவிடமாட்டார். ஒரு வருடத்தில் ஏழு தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு மூன்று என்று தொண்டை பழுத்திருந்தால்தான் கத்தியைப் பற்றிப் பேச்சு. அமெரிக்க மருத்துவர் பேரடைஸ் வகுத்த கணக்கு அது. இல்லையென்றால் தூக்கத்தில் மூச்சு அடைக்க வேண்டும். “கொஞ்ச நாள் பாப்போம்” என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவார்.

வந்த முதல் வாரம் எனக்குத் தரப்பட்ட வேலை, தொண்டை பார்ப்பது. தொண்டை பார்ப்பதில் கற்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நாக்கை அழுத்தும் எவர்சில்வர் பட்டையை நான் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்து உள்ளே விட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை என் சட்டையில் இட்லியை வாந்தி எடுத்தது. அடுத்ததும் எடுத்தது. மூன்றாவது பிள்ளை வாயையே திறக்கவில்லை. மேடம் பட்டையைப் பேனாபோல இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் காட்டினார். உள்ளங்கைக்குள் அரை நிமிடம் பொத்தி அதைச் சூடாக்கினார். நாக்கின் மூன்று பங்கில் முன் இரண்டு பங்கு வரைக்கும்தான் நமக்கு இடம். கடைசிப் பங்கைத் தொட்டால் குமட்டும். அழுத்தம் எவ்வளவு? பஞ்சு போலிருக்கும் நாக்கு, சரியாக அழுத்தினால் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் தானாகத் தணியும். எதிர்த்துத் திமிறினால் நாம் அவசரப்படுகிறோம் என்று பொருள். அந்தத் தணிவு என் விரலுக்குப் பிடிபட ஆடி முடிந்துவிட்டது.

தியேட்டரில் என் நிலைமை இன்னும் மோசம். டான்சில் சதைக்கு வெளியே மெல்லிய வெள்ளை உறை ஒன்று உண்டு. அந்த உறைக்கும் பின்னால் இருக்கும் தசைக்கும் நடுவில், சிலந்தி வலை மாதிரி தளர்ந்த ஓர் இடைவெளி. அதற்குள் போய்விட்டால் கத்தியே வேண்டாம், மொட்டைக் கருவி ஒன்றால் தள்ளித் தள்ளியே எடுத்துவிடலாம். நுங்குச் சுளையின் மேல்தோலை உரித்தவர்களுக்கு இது புரியும். நகம் சரியான இடத்தில் நுழைந்தால் தோல் முழுசாக வரும். ஒரு நூல் உள்ளே போனால் சுளை கிழிந்து தண்ணீர் வடிந்துவிடும். நான் உள்ளே போய்க்கொண்டே இருந்தேன். தசை கிழிந்தது. ரத்தம் ஊறியது. ரத்தம் ஊறினால் எது உறை, எது தசை என்று தெரியாது. தெரியாததால் இன்னும் கிழித்தேன்.

அடிப்பக்கம்தான் அதிகம் கசியும். அங்கே நூலால் கட்ட வேண்டும். வாய் அகலத் திறந்து நிறுத்தப்பட்டிருக்க, குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு சொம்புக்குள் கைவிட்டுக் கட்டுவதுபோல் பட்டு நூலைக் கட்டி, முடிச்சை நீளமான ஒரு கம்பியின் நுனியால் தள்ளி இறுக்க வேண்டும். என் முடிச்சு ஒன்று நழுவும், இல்லை நூல் சதையை அறுத்துக்கொண்டு கையோடு வந்துவிடும். நாலைந்து புதன்கிழமைகளில் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். பைபோலார் என்ற மின்சாரக் குறடு இருந்தது. கசியும் இடத்தைப் பிடித்து, காலால் பெடலை மிதித்தால் சுர்ரென்று பொசுங்கி ரத்தம் நின்றுவிடும். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் வந்தவன்தான் தறிக்காரர் வீட்டுப் பையன். ஏழு வயது, பதினெட்டுக் கிலோ. புதன்கிழமை ஆபரேஷன், நானே செய்தது. சனிக்கிழமை அவன் அம்மா தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மேடம் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தார்.

“டாக்டர், புள்ள தொண்டை பூரா வெள்ளையா சீழ் கட்டியிருக்கு. நாத்தம் பக்கத்துல போக முடியல. காது வலிக்குங்கான். ஒரு வாய் தண்ணி முழுங்க மாட்டேங்கான்.”

விளக்கடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கெட்டியான வெள்ளை, தயிராடை மாதிரி. உடம்பு லேசாகச் சுட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சீழ்தான் என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால், முடிவு செய்யக்கூட இல்லை. என் கை தானாக எழுதிவிட்டது. அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த சிரப், ஐந்து நாள். எழுதி முடித்ததும் என் படபடப்பு அடங்கியது. அம்மாவின் முகமும் தெளிந்தது. ஒரே சீட்டில் இரண்டு பேர் குணமாகிப் போனோம். பையனைப் பற்றி மட்டும் கேள்வி மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை காலை அவன் மறுபடி வந்தான். முந்தின நாள் முழுவதும் வயிற்றுப்போக்கு. அந்த மருந்து பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும் என்பது மருந்தியல் புத்தகத்தில் நானே அடிக்கோடிட்டுப் படித்த வரி. தொண்டை வலியில் ஏற்கெனவே குடிக்காதவன், இப்போது இருந்ததும் போய், உதடு வெடித்து, ராத்திரியிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. கட்டிலில் போட்டுக் குளுகோஸ் ஏற்றினோம். அவன் அம்மா என்னிடம் வந்து, “பொடியில நான்தான் தண்ணி அளவு தெரியாம கலக்கிட்டேனோ டாக்டர்?” என்று கேட்டார். இல்லையம்மா, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். “பரவால்ல, சரியாயிரும்” என்றேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த ‘பரவால்ல’ எனக்குப் பரவாயில்லாமல் ஆகவில்லை.

மேடம் அவன் தொண்டையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“டாக்டர், என்ன பாத்து இத எழுதுனீங்க?”

“வெள்ளையா இருந்தது மேடம்.”

“வெள்ளையா இல்லாத தொண்டைய மூணாம் நாள் நீங்க எங்க பாத்தீங்க?”

பதில் இல்லை. நான் படித்த பெரிய ஆஸ்பத்திரியில் டான்சில் ஆபரேஷன் ஆன பிள்ளைகளை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். மூன்றாம் நாள் தொண்டையை, ஐந்தாம் நாள் தொண்டையை நான் பார்த்ததே கிடையாது. வீட்டில் இருந்த அம்மாக்கள்தான் பார்த்திருக்கிறார்கள்.

சாயங்காலம் அவர் கோபம் ஆறிய பிறகு, வார்டில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு அவன் முழங்காலைக் காட்டினார். எங்கோ விழுந்து ஆறிக்கொண்டிருந்த காயம், கறுத்துக் காய்ந்த பொருக்கு. “இதுதான் தம்பி அது. முழங்கால்ல காத்துப் படுது, காயுது, கறுக்குது. தொண்டையில எச்சியிலயே ஊறிக் கிடக்கு, அதனால வெள்ளை. ஈரத்துப் பொருக்கு. சீழ்னா ஓடும், வழியும். இது ஒட்டிக் கிடக்கும். சுரண்டிப் பாத்துராதீங்க, ரத்தம் வந்துரும்.” காது வலி? தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பில் பங்கு உண்டு; தொண்டை அழுதால் காதும் சேர்ந்து அழும். நாற்றம்? ஈரத்தில் ஊறும் எதுவும் நாறும். லேசான சூடு? முதல் சில நாள் இருக்கும். அந்த அம்மா என்னிடம் சொன்ன நாலு குறையும், காயம் சரியாக ஆறிக்கொண்டிருக்கிறது என்பதன் நாலு அடையாளம்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். அடுத்து வரும் முப்பது பிள்ளைகளுக்கு நான் தொண்டையைப் படம் வரைய வேண்டும். மறுநாள், மூன்றாம் நாள், ஐந்து, ஏழு, பத்து, பதினாலு. கலர் பென்சிலோடு. எனக்கு அவமானமாக இருந்தது, எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி பாக்கெட்டில் பென்சில் டப்பா. ஊருக்குள் இருந்தவர்களை வரச்சொன்னேன், வர முடியாதவர்கள் வீட்டுக்கு டி.வி.எஸ். வண்டியில் போனேன். மறுநாள் சாம்பல் பூத்த மெல்லிய படலம். மூன்று, நாலில் கெட்டி வெள்ளை. ஐந்து, ஆறில் பழுப்பேறி ஓரம் தூக்கும். வலி கூடுவதும் அப்போதுதான். ஏழிலிருந்து பத்துக்குள் துண்டு துண்டாக உதிரும், அடியில் ரோஜா நிறம். பதினாலில் அநேகமாக வழுவழுப்பு. பன்னிரண்டாவது பிள்ளைக்கு வரைந்துகொண்டிருந்தபோது, வெள்ளைப் பென்சிலை எடுக்காமல் சாம்பலும் மஞ்சளும் கலந்து தேடினேன். எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை இல்லை என்று கை எனக்கு முன்னால் தெரிந்துகொண்டிருந்தது.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது, அதை நான் கவனிக்கவில்லை, மேடம் கவனித்தார். அவர் செய்த தொண்டைகளில் வெள்ளை மெல்லிசு. என்னுடையவற்றில் தடிப்பு, அகலம். “பொசுக்குனா பொருக்கு தடிக்கும் தம்பி. தடிச்ச பொருக்கு வலிக்கும். வலிச்சா முழுங்க மாட்டான். முழுங்கலைன்னா நாறும். நாத்தம் வந்தா அம்மா பயந்து ஓடி வருவா, நீங்களும் பயந்து ஆன்டிபயாடிக் எழுதுவீங்க. அந்தச் சீட்டை நீங்க சனிக்கிழமை எழுதல. புதன்கிழமை பெடலை மிதிக்கும்போதே எழுதியாச்சு.” இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003-04-இல் சுமார் 34 ஆயிரம் டான்சில் ஆபரேஷன்களைக் கணக்கெடுத்தபோது, சூட்டால் செய்த முறைகளில் பின்னால் ரத்தம் வருவது அதிகம் என்றும், சூடில்லாமல் பிரித்து நூலால் கட்டியதில் குறைவு என்றும் தெரிந்ததை அப்போதுதான் சொன்னார். ஐந்து புதன்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?” கேட்டிருக்கமாட்டேன்.

மேடமும் ஒரு காலத்தில் எல்லாருக்கும் எழுதியவர்தான். அதை அவர் மறைக்கவில்லை. 1986-இல் பிலடெல்பியாவில் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு, அமாக்சிசிலின் கொடுத்தால் காய்ச்சலும் வலியும் குறைந்து சீக்கிரம் சாப்பிடுகிறார்கள் என்றது. படித்தவர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு வந்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு ஒன்றை மேடம் அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். 2012-இல் புதுப்பிக்கப்பட்டது, பத்து ஆய்வுகள், 1035 பேர். ஆபரேஷனுக்குப் பின் ஆன்டிபயாடிக் கொடுப்பதால் வலியோ, வலி மாத்திரையின் தேவையோ, பின்னால் வரும் ரத்தப்போக்கோ சொல்லும்படியாகக் குறையவில்லை. காய்ச்சல் மட்டும் கொஞ்சம் குறைந்தது. அதன் முதல் ஆசிரியர் பெயரை மேடம் விரலால் காட்டினார்: முத்துசாமி திவாகர். கோவையில் தலை, கழுத்து அறுவை செய்யும் நம்மூர் மருத்துவர். அமெரிக்கக் காது மூக்கு தொண்டைச் சங்கமும் 2011-இல் குழந்தைகளுக்கான வழிகாட்டியில், வழக்கமாக எழுதாதே என்று அழுத்தியே சொல்லிவிட்டது. 2019-இல் அதையே திரும்பச் சொன்னது. ஆபரேஷனின்போது ஒரே ஒரு டோஸ் டெக்சாமெத்தசோன் ஊசி போடச் சொன்னது. அதை மேடம் தவறாமல் போட்டார். வாந்தியும் வலியும் குறையும்.

ஆக, எனக்கு இரண்டு பாடம் பாக்கி: முடிச்சுப் போடுவது, சீட்டு எழுதாமலிருப்பது. முதலாவதற்கு ஒரு நீளமான எவர்சில்வர் டம்ளரும் ஒரு கோழி ஈரலும் கொடுத்தார். பிரியாணிக்குப் பெயர்போன ஊரில் ஈரலுக்குப் பஞ்சமில்லை. டம்ளர் அடியில் ஈரலை வைத்து, ஒரு ஓரத்தைக் குறட்டால் பிடித்து, நூல் போட்டு, முடிச்சை உள்ளே தள்ளி இறுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் நூல் ஈரலைத் துண்டாக்கிவிடும். பயந்து தளர்த்தினால் குறடு எடுத்ததும் நழுவும். ஒரு வாரம் ஈரலைக் கொத்திக்கொண்டிருந்தேன். தியேட்டரைத் துடைக்கும் ஆயாம்மா, வேலை முடிந்து பூ கட்டப் போகிறவர், வாசலில் நின்று பார்த்துச் சிரித்தார்.

“எங்க பூவ இப்படிக் கட்டுனா காம்பு அறுந்து பூவெல்லாம் தரையிலதான் கெடக்கும் டாக்டர்.”

அன்று சாயங்காலம் அவரோடு உட்கார்ந்தேன். பிச்சிப்பூ, வாழைநார். நாரை அவர் இழுக்கவே இல்லை. சுற்றி, பூவுக்கு எதிராக விரலை வைத்து, விரல்தான் தள்ளியது. நார் சும்மா தொடர்ந்து வந்தது. காம்பு லேசாக நெளிந்ததும் நிறுத்திவிட்டார். “நெளிஞ்சா போதும். நசுங்கக் கூடாது.” மறுநாள் டம்ளருக்குள் நூலை இழுப்பதை விட்டுவிட்டு, முடிச்சை மட்டும் தள்ளினேன். ஈரல் நெளிந்ததும் விரலை நிறுத்தினேன். குறட்டைக் கழற்றினேன். நின்றது. மருத்துவக் கல்லூரியில் கிடைக்காத ஒன்றை ஒரு முழம் பிச்சியில் கற்றேன் என்று மேடத்திடம் சொன்னபோது, “அவ சம்பளத்தைக் கூட்டணும்” என்றார். கூட்டினார் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது பாடத்தில் நான் விழுந்தது எதிர்ப்பக்கமாக. காக்ரேன் தொகுப்பைப் படித்ததும் எனக்குப் புது மதத்தில் சேர்ந்த வேகம் வந்துவிட்டது. ஆன்டிபயாடிக் என்ற சொல்லைக் கேட்டாலே வேண்டாம் என்பேன். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் வந்தாள். தொண்டை அருமையாக இருந்தது. அவள் அம்மா போகிற போக்கில், “வழக்கமா போடுத பென்சிலின் ஊசிய இப்பப் போடலாமா டாக்டர்?” என்றார். “டான்சில் எடுத்தாச்சுல்ல, அதெல்லாம் இனிமே தேவையில்ல” என்றேன், சிரித்துக்கொண்டே. அவர்கள் வாசல் தாண்டுவதற்குள் சிஸ்டர் பைலைத் திறந்து மேடம் அறைக்கு ஓடினார்.

அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு ஒன்று பழுதாகியிருந்தது. தொண்டையில் மறுபடி அந்தக் கிருமி வந்தால் வால்வு இன்னும் கெடும். அதைத் தடுக்க 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருடக்கணக்காக. டான்சிலை எடுத்தாலும் அது நிற்காது. காயத்துக்குப் போடும் மருந்து அல்ல அது, நெஞ்சுக்குக் காவல். எந்த ஊசி, எதற்காக என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மேடம் அன்று என்னைத் தம்பி என்றும் சொல்லவில்லை, டாக்டர் என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேதி பார்த்து, ஊசி நாள் தள்ளக் கூடாது என்று தானே எழுதிக் கொடுத்தார். போகும்போது என்னிடம், “முந்தி கேக்காம எழுதுனீங்க. இப்ப கேக்காம நிறுத்துறீங்க” என்றார்.

அதற்கு மேல் ஒரு ராத்திரி இருக்கிறது. குருவிகுளம் பக்கத்துப் பையன், பன்னிரண்டு வயது. ஏழாம் நாள் சாயங்காலம் அவன் அப்பா போன் செய்தார். எச்சில் துப்பினால் லேசாகச் சிவப்பு. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் சுடுகிறது என்றார். பொருக்கு உதிரும் நாள்தான், காலையில் கூட்டி வாருங்கள் என்றேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வழியில் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி. மேடம் ஹவாய் செருப்போடு ஓடி வந்தார்.

“சாயங்காலம் போன்ல, புள்ள சும்மா சும்மா முழுங்குதானான்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. தொண்டைக்குள் கசியும் ரத்தத்தைப் பிள்ளைகள் துப்பமாட்டார்கள், முழுங்கிவிடுவார்கள். தூங்கும் பிள்ளையின் தொண்டைக்குழி ஓயாமல் ஏறி இறங்கினால், வெளியே ஒரு சொட்டு சிவப்பு தெரியாவிட்டாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பையனை முன்னால் சாய்த்து உட்காரவைத்தோம். சிஸ்டர் ஊசி வழி போட்டு, ரத்தத்துக்கு ஏற்பாடு செய்து, மயக்க மருத்துவருக்குப் போன் போட்டார். அவர் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டான்சில் எடுத்த பள்ளத்தில் உறைந்து கிடந்த ரத்தக் கட்டியை மேடம் முதலில் எடுத்தார். கட்டி இருந்தால் தசை சுருங்காது, தசை சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. பிறகு துணி உருண்டையை வைத்து அழுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம். எடுத்து எடுத்துப் பார்க்கவில்லை. நான் அந்தப் பத்து நிமிடத்தில் பத்துத் தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். பையன் கண்ணில் நீர் வழிய அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். நின்றது.

விடிந்த பிறகு அவன் சீட்டில் மேடம் அமாக்சிசிலின் எழுதியிருந்ததைப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. அச்செடுத்து வைத்திருப்பவரே எழுதுகிறாரே? அவர் என் கையைப் பிடித்துப் பையனின் தாடைக்குக் கீழே வைத்தார். இரு புறமும் நெறி கட்டியிருந்தது, அவித்த மொச்சை அளவில், தொட்டதும் சுருங்கினான். காய்ச்சல் 102. பள்ளத்தைத் தாண்டி அண்ணம் வரை சிவப்பு. வாய் முன்பு போலத் திறக்கவில்லை. அந்த நாற்றமும் வேறு. சாதாரணமாக ஆறும் தொண்டை, பூக்கடை வாளியில் மூன்று நாள் கிடந்த தண்ணீர்போல நாறும். இது அழுகிய வாடை. ஏழாம் நாள் ரத்தம் என்றாலே கிருமி என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். பொருக்கு உதிர்ந்து அடியிலுள்ள நாளம் திறப்பதாலும் வரும். இவனுக்குக் கிருமியும் இருந்தது. “இன்னிக்கு இவனுக்குச் சீட்டு. சாதாரணமா ஆறுற புள்ளைக்கு இல்ல” என்றார். முப்பது தொண்டை வரைந்திருக்காவிட்டால் அந்த வித்தியாசம் என் விரலுக்குத் தெரிந்திருக்காது. அன்றுதான் எனக்கு நோட்டு எதற்கென்று விளங்கியது.

எழுதாமல் அனுப்புவது, எழுதி அனுப்புவதைவிட நேரம் பிடிக்கும் வேலை. சீட்டு எழுத அரை நிமிடம். எழுதாததற்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். பாரசிட்டமாலை வலி வந்த பிறகு அல்ல, கடிகாரம் பார்த்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, எடைக்குத் தக்கபடி, கிலோவுக்கு 15 மில்லிகிராம். ராத்திரியும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். விட்டால் காலையில் வறண்ட தொண்டையோடு அலறுவான். ஆஸ்பிரின் கூடாது. குடிக்கக் குடிக்கத்தான் பொருக்கு மெலியும். இந்த ஊர் அம்மாக்கள் பத்தியம் என்று சுடுகஞ்சி மட்டும் கொடுப்பார்கள். குளிர்ச்சி ஆகாது என்பார்கள். மேடம் மோர், நுங்கு, குச்சி ஐஸ் எல்லாம் கொடுக்கச் சொல்வார். சிவப்பு ஐஸ் மட்டும் வேண்டாம், வாந்தி எடுத்தால் ரத்தமா சாயமா என்று தெரியாது. எங்கள் இரண்டு பேர் போன் நம்பரும் சீட்டின் மேலே பெரிய எழுத்தில் இருக்கும்.

கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணையும் சொல்ல வேண்டும். இங்கே எந்த நோய்க்கும் அது முதல் மருந்து. பூசுவார்கள், ஒரு சிட்டிகை வாயிலும் போடுவார்கள். முதன்முதலில் ஒரு பாட்டி கேட்டபோது நான் முகம் சுளித்தேன். மேடம் மண்ணை வாங்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, “நெத்தியில வைங்க, கழுத்துல பூசுங்க. உள்ள புண்ணு ஆறுற வரைக்கும் வாயில மட்டும் வேண்டாம். அம்மனுக்குத் தெரியும்” என்றார். பாட்டி தலையாட்டினார். நான் மறுத்திருந்தால் வீட்டுக்குப் போய் வாயில்தான் போட்டிருப்பார்.

மெடிக்கல் ஷாப் இன்னொரு வாசல். நாங்கள் எழுதாவிட்டால் அங்கே போய்க் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். 2016-இல் மத்திய அரசு, அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்தது. மேடம் காலி அட்டைகளைச் சேர்த்து வைத்து, அந்தக் கோட்டை அம்மாக்களின் விரலாலேயே தடவச் சொல்வார். நிறைய பேர் கேட்டார்கள். கேட்காதவர்களும் உண்டு, அவர்கள் பிள்ளைகளும் நன்றாகவே ஆறினார்கள், மருந்தால்தான் ஆறியது என்று எங்களிடமே வந்து சொன்னார்கள். அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

மூன்றாம் வருடம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம். நான் தனியாகச் செய்த ஆபரேஷன், எட்டு வயதுப் பெண் குழந்தை, மூன்றாம் நாள். ஊருக்குள் கூட்டம் சேர ஆரம்பித்து, ஓ.பி.யிலும் நெரிசல். அம்மா வந்ததும், “வெள்ளையா இருக்கு டாக்டர், ஆனா நீங்க சொன்ன வெள்ளைதான்” என்றார். பட்டையை உள்ளங்கையில் சூடாக்கி வைத்தேன். நாக்கு தணிந்தது. மேடம் வேறு எதற்கோ அந்தப் பக்கம் வந்தவர், என் கையிலிருந்து டார்ச்சை வாங்கி எட்டிப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

“மெல்லிசா இருக்கே. கரண்ட் கொறச்சு வச்சீங்களா?”

“இல்ல மேடம். நூல்.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்.”

டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிப் போய்விட்டார்.